கப்பல் வரும் பாதையில் உங்கள் படகு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயு இறக்கிவிட்டுக் கிளம்பிய பி.டபிள்யூ. மேப்பிள் ஒன்று; எண்ணெயோடு உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் இன்னொன்று. எர்ணாவூர் கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளியில் அள்ளியதை வடசென்னை மறக்காது. ரேடாரும் வயர்லெஸ்ஸும் உள்ள கப்பல்களே மோதிய கடல் இது. உங்கள் ஃபைபர் படகை அவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று நம்பி இறங்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

• விளக்குகளைக் கரையிலேயே எரியவிட்டுப் பாருங்கள். இழுவலை என்றால் பச்சைக்குக் கீழே வெள்ளை, மற்ற வலை என்றால் சிவப்புக்குக் கீழே வெள்ளை. வலையோடு நிற்கிறீர்கள் என்று கப்பலுக்குச் சொல்வது அதுதான்.

• ரேடார் ரிஃப்ளெக்டரை உயரக் கட்டுங்கள். ஃபைபரும் மரமும் ரேடாரில் சரியாக விழாது.

• கப்பல் கண்ணில் பட்டதும், படகை நேராக ஓட்டியபடி, ஒரு கம்பத்தோடு சேர்த்துக் குறி பாருங்கள். சில நிமிஷம் கழித்தும் கப்பல் அதே குறியில் நின்று, உருவம் மட்டும் பெரிதானால் மோதப்போகிறது, உடனே விலகுங்கள்.

• இரவில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். கப்பல் நேராக உங்களை நோக்கி வருகிறது.

• விஎச்எஃப் செட்டில் சேனல் 16-ஐத் திறந்தே வையுங்கள். கப்பல் கூப்பிடுவது அதில்தான்.

• ஒருவரையாவது கண்விழிக்க வையுங்கள். 2017 ஜூனில் கொச்சிக் கடலில் ஆம்பர் எல் என்ற சரக்குக் கப்பல் மோதியபோது, கார்மல் மாதா படகில் இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

• லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மோதிய பிறகு தேட நேரம் இருக்காது.

செய்யக்கூடாதவை

• கப்பல் கால்வாயில் வலை விரிக்காதீர்கள். கப்பலுக்கு வேண்டிய ஆழம் அங்கே மட்டும்தான். அது ஒதுங்க முடியாது. குறுகிய கால்வாயில் கப்பலை மறிக்கக் கூடாது என்று சர்வதேச விதியும் மீன்பிடிப் படகுக்குத்தான் சொல்கிறது.

• கப்பலின் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடாதீர்கள். பெரிய கப்பலை ஓட்டுபவருக்கு முன்னால் 500 மீட்டர் வரை கடல் மறைந்திருக்கலாம். விதியே அதை அனுமதிக்கிறது. பார்த்துவிட்டாலும், பாரம் ஏற்றிய கப்பல் கிலோமீட்டர் கணக்கில் ஓடித்தான் நிற்கும். பொறுத்திருந்து பின்பக்கமாகக் கடந்துபோங்கள்.

• நங்கூரமிட்ட கப்பலடியில் மீன் கூடுகிறதே என்று ஒட்டி நிற்காதீர்கள். உங்களிடம் சொல்லிவிட்டு அது நங்கூரம் தூக்காது.

• மார்கழிப் பனியோடு போகிப் புகையும் சேர்ந்த விடியலில் காசிமேட்டிலிருந்து வேகமெடுக்காதீர்கள். எதிரே வருவது கிட்டத்தில் வந்த பிறகே தெரியும்.

• ஐந்து முறை குறுகிய ஹாரன் கேட்டால் அலட்சியம் செய்யாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கப்பலுக்குப் புரியவில்லை.

• வலையை நினைத்துத் தயங்காதீர்கள், அறுத்துவிட்டு விலகுங்கள். கடன் வாங்கிப் போட்ட வலை என்பது தெரியும். ஆனாலும் 2021 ஏப்ரலில் மங்களூர் கடலில் ஏபிஎல் லே ஹாவ்ர் கப்பல் மோதிய 'ரபா' படகில் இருந்த 14 பேரில் இருவரைத்தான் உயிரோடு மீட்க முடிந்தது. கப்பலுக்கும் பொறுப்பு உண்டு, வழக்கும் நடக்கும். போன உயிர் வராது.

கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டு நம்பரும் இன்றைக்கே உங்கள் போனிலும் வீட்டார் போனிலும் ஏறட்டும்.