அப்பாவின் வண்டிச் சாவி யார் கையில்?

"நாப்பது வருசமா ஓட்டறனுங்க... ஒரு கீறல் விழுந்ததில்லை!"

திருப்பூரில் அறுபதைத் தாண்டியவர்களிடம் வண்டிப் பேச்சை எடுத்தால் இந்தப் பதில்தான் வரும். அது பொய்யில்லை. ஆனால் கையும் காலும் பழகிய அதே நாற்பது வருடத்தில் கண்ணும் கழுத்தும் தேய்ந்திருக்கின்றன.

நம் ஊர்ப் பெரியவர்கள் சும்மா இருப்பவர்கள் அல்ல. கட்டிங் முடிந்த பீஸ்களை மூட்டை கட்டி, டி.வி.எஸ். வண்டியில் ஏற்றி ஜாப் ஒர்க் நடக்கும் இடத்துக்குக் கொண்டு போவார்கள். பேரனை ஸ்கூலில் விடுவார்கள். ராத்திரி பனியன் கம்பெனிகள் விடும் நேரத்தில் பி.என். ரோடும் பல்லடம் ரோடும் நெரியும்போதும் அவர்கள் ரோட்டில்தான்.

வேகம் காரணமல்ல!

இளவட்டங்களைத் தள்ளிவிடுவது வேகம். பெரியவர்கள் மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு ஆபத்து அதிகம் இருப்பது நாற்சந்தியில், எதிர் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்பும்போது என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நமக்கு அது வலப்பக்கத் திருப்பம். எதிரே வருபவனின் வேகத்தைக் கணிக்கணும், கழுத்தைத் திருப்பணும், முடிவெடுக்கணும். மூன்றும் ஒரே நொடியில்!

கண்ணுக்கு என்ன ஆகிறது?

இருபது வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போகிறது. கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் பழுப்பேறுகிறது. ஹெட்லைட் அடித்தால் கூச்சம் தெளிய நேரமாகிறது.

ராணி எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப், 2019 ஜனவரியில், 97 வயதில், தானே ஓட்டிப்போன காரை இன்னொரு கார் மீது மோதினார். தாழ்ந்த வெயில் அடித்ததில் வந்த கார் தெரியாமல் போயிருக்க வேண்டும் என்று காயம்பட்ட பெண்ணுக்கு எழுதினார். அடுத்த மாதமே லைசென்ஸைத் தாமாக ஒப்படைத்தார்.

இன்னொரு கணக்கு: 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 14 மீட்டர் ஓடும். பிரேக் பிடிக்க அரை நொடி தாமதித்தால் 7 மீட்டர் கூடுதலாகப் போய்விடும்!

சொட்டு மருந்து போதுமா?

கண் நோய்கள் 96 என்று சித்த மருத்துவம் வகுத்திருக்கிறது. பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் கண்ணுக்கு நல்லவை. ஆனால் முற்றிய கண்புரை எந்த மூலிகைச் சொட்டுக்கும் கரையாது. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், ஆபரேஷன்தான் வழி. அரசு மருத்துவமனையில் அது இலவசம். அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், புரை ஆபரேஷன் செய்துகொண்ட முதியவர்களுக்கு, செய்யாதவர்களைவிட வாகன விபத்து பாதியாக இருந்தது.

வீட்டிலேயே சோதியுங்கள்

* நல்ல வெளிச்சத்தில், 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் தெரிகிறதா? லைசென்ஸுக்கான மருத்துவச் சான்றிலும் இதே கேள்வி உண்டு.
* உட்கார்ந்தபடி கழுத்தைத் திருப்பினால் தோளுக்குப் பின்னால் நிற்பவர் தெரிகிறாரா? தெரியாவிட்டால் நொச்சி இலை ஒத்தடம் கொடுங்கள். இறுக்கம் குறையும் வரை வண்டி வேண்டாம்.
* சளிக்குப் போடும் செட்ரிசின், தூக்க மாத்திரை, எண்ணெய்க் குளியல்... மூன்றும் உடம்பை அசத்தும். அன்று சாவியைத் தொட வேண்டாம்.
* இன்சுலின் போடுபவர் சாப்பிடாமல் வண்டியை எடுக்கவே கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கினால் தலை சுற்றும்.

சட்டத்தில் வண்டி ஓட்ட வயது வரம்பு இல்லை. 55-க்கு மேல் லைசென்ஸை 5 வருடத்துக்கு ஒருமுறை, மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும். அந்தச் சான்றைக் கண்ணைக் காட்டாமலே கையெழுத்து வாங்கும் காகிதமாக நினைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

வண்டியில் புதுக் கீறல்கள், தெரிந்த ரோட்டில் வழி தடுமாறுவது, பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை அழுத்துவது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். "உங்களுக்கு வயசாயிடுச்சு, சாவியைக் கொடுங்க" என்று பிடுங்காதீர்கள். அந்த வண்டிதான் அவருடைய சம்பாத்தியம், கௌரவம். "அப்பா, கண்ணைக் காட்டிட்டு வந்துரலாமுங்க" என்று கூட்டிப் போங்கள். முதலில் இருட்டிய பிறகு ஓட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நெரிசல் நேரத்து மூட்டைகளை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வலப்பக்கம் திரும்ப வேண்டிய சந்தியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள், அதில் மானம் போகாது. ஹெல்மெட் மட்டும் எந்த வயதிலும் கட்டாயம்!