எந்திரத்துக்கும் தாளம் சொல்லிக் கொடுப்போம்!



'டெக்னோ' என்றாலே வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்றுதான் நினைக்கிறோம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1980களில் அதை வளர்த்தவர்கள் கறுப்பின இளைஞர்கள். அதற்கு நெருங்கிய உறவான 'ஆசிட் ஹவுஸ்' இசையின் பேர்பெற்ற சிகாகோ இசைத்தட்டு வந்தது 1987ல். ஆனால் 1982லேயே பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக் கலைஞர், ரோலண்ட் கம்பெனியின் 808 தாளப்பெட்டி, 303 பேஸ் கருவி, ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் இணைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துவிட்டார்! 2010ல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் காது கொடுத்தது. 2015ல் அவர் மறைந்தார்.

சென்ற ஆண்டு எங்கள் இத்தலாரில் தெருவில் ஓர் இசை மாலை. அதில் வரும் பைரவ் ராகத்தை எங்க ஊர் தம்பட்டையோடு கலக்கலாம் என்று கிளம்பினேன். ஒத்திகையிலேயே மூக்குடைபட்டேன். அதில் கற்றது இதோ:

1. வேகமும் சுருதியும்

நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 60/120 = 0.5 வினாடி. தம்பட்டைக்காரர்கள் 126ல் அடித்தார்கள். டேப்பை வேகமாக ஓட்டுவதுபோல் 5 சதவீதம் கூட்டினேன். தாளம் சேர்ந்தது, சுருதி கிளம்பிவிட்டது. அரைச் சுரம் என்பது 1.0595 மடங்கு. அதற்குக் கொஞ்சம்தான் குறைச்சல். குழல்காரர் முகம் சுளித்தார். சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதி கணிப்பொறியில் உண்டு. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

2. பதினாறும் பன்னிரண்டும்

தாளப்பெட்டியில் ஒரு சுற்றுக்கு 16 படி, அடிக்கு நான்கு. அன்று அவர்கள் அடித்ததோ மூன்று மூன்றாக. இரண்டும் மோதின. சுற்றை 12 படியாக்கி, அடிக்கு மூன்று கொடுத்ததும் ஒட்டிக்கொண்டது.

3. வடிகட்டி

நாம் லேபில் செய்த ஆர்.சி. வடிகட்டி ஞாபகம் இருக்கிறதா? 303 கருவியின் உயிரே அந்த மாதிரி ஒரு 'லோ பாஸ்' வடிகட்டிதான். எந்திரத்தின் மேல் அதிர்வெண்களை வெட்டினேன். அடியில் பேஸ் எந்திரத்துக்கு. மேலே இடம் தம்பட்டைக்கு.

இத்தனைக்குப் பிறகும் பெரியவர் ஒருவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, ஒன் மெசினு எங்களத் திரும்பிப் பாக்கவே மாட்டேங்குதே!" என்றார். சுருக்கென்றது. ஆட்டம் சூடுபிடித்தால் மனிதன் கை 126லிருந்து 130க்கு ஏறும், எந்திரம் ஏறாது. ஆகவே பாட்டை ஒரு சுற்று நீளத் துண்டுகளாக வெட்டி, பெரியவரின் முதல் அடியைப் பார்த்து ஒவ்வொன்றையும் கையாலேயே தட்டிவிட்டேன். தலைமை அவருக்கு, பின்பாட்டு எனக்கு!

4. உரிமை

ராகம் யாருக்கும் சொந்தமில்லை. ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரர் உண்டு. அனுமதி வாங்காததால் அந்தப் பதிவு ஒத்திகையோடு சரி. தெருவில் வாசித்தது பைரவுக்கு இணையான நம் மாயாமாளவகௌளையில் நானே அமைத்த மெட்டு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ம் ஆண்டு விதி. 9 மணிக்கே முடித்தோம்.

முடிந்ததும் பெரியவர், "இப்ப அதுக்குக் காது வந்துருச்சு தம்பி" என்று சிரித்தார். டிப்ளமோ கையில் வருமுன்னே எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது. கருவியைப் படிப்போம் நண்பர்களே. அதற்கு முன் எதிரே நிற்கும் மனிதரின் கையைக் கவனிப்போம்!