திருப்பிச் சொல்வதும் பேச்சே!

“தண்ணீர் வேண்டுமா?” என்று நாம் கேட்டால், “தண்ணீர் வேண்டுமா?” என்றே திருப்பிச் சொல்லும் குழந்தை நம் வகுப்பிலும் இருக்கலாம். அது கேலியோ அடமோ அன்று. பல நேரங்களில் அதன் பொருள் “வேண்டும்” என்பதே.

1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர், ஆட்டிசம் உடைய 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 8 பேர் பேசினர். பேசியோரிடம், தம்மையே ‘நீ’ என்று குறிப்பிடும் வழக்கம் காணப்பட்டது. “ஆம் என்று சொன்னால் தோளில் தூக்கிக்கொள்கிறேன்” எனத் தந்தை பழக்கியதால், டொனால்டு என்ற சிறுவனுக்கு “ஆம்” என்ற சொல்லே “தோளில் தூக்கு” என்று பொருளாகிவிட்டது. கேட்ட சொல், கேட்ட சூழலோடு ஒட்டிக்கொள்கிறது.

உளப்பகுப்பாய்வாளர்கள் இதை வேறுவிதமாகப் பார்த்தனர். மெலனி கிளைன் 1930-இல், பேச்சு மிகக் குறைந்த டிக் என்ற 4 வயதுச் சிறுவனுடன் பொம்மை ரயில்களை வைத்து விளையாடி, அதன் வழியே பேச்சை வரவழைக்க முயன்றார். விளையாட்டிலிருந்து சொல்லுக்குச் செல்லும் அவ்வழி இன்றும் நமக்குப் பயன்படும். ஆனால் புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967-இல், பெற்றோரின் புறக்கணிப்பே ஆட்டிசத்துக்குக் காரணம் என்றும், ‘நான்’ என்பதைக் குழந்தை வேண்டுமென்றே தவிர்க்கிறது என்றும் எழுதினார். எத்தனையோ தாய்மார்கள் செய்யாத குற்றத்தைச் சுமந்தனர்.

இக்கருத்து ஆய்வில் நிலைக்கவில்லை. வாக்கியத்தின் இறுதியில் வரும் சொற்களையே இக்குழந்தைகள் மிகுதியாகத் திருப்பிச் சொல்கின்றனர், ‘நான்’ என்பதைத் தனியே தவிர்ப்பதில்லை என்பதை 1974-இல் பார்டக், ரட்டர் ஆய்வு காட்டியது. 1977-இல் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, ஒத்த இரட்டையர் 11 இணைகளில் 4-இல் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. ஒவ்வா இரட்டையர் 10 இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. மரபுக் காரணம் தெளிவாயிற்று.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை:

1. கேள்வியாகக் கேட்பதோடு நிறுத்தாமல், குழந்தை சொல்ல வேண்டிய வடிவிலேயே சொல்லிக் காட்டுவோம்: “எனக்குத் தண்ணீர் வேண்டும்.” தமிழில் ‘வேண்டுமா’ என்பதில் ‘ஆ’ நீங்கினால் விடை கிடைத்துவிடும். குழந்தை விடைக்கு மிக அருகில்தான் நிற்கிறது.

2. திரும்பத் திரும்ப வரும் தொடரையும் அது வந்த சூழலையும் குறித்துவைப்போம். அதை முதலில் எங்கே கேட்டது என்று பெற்றோரிடம் அறிவோம்.

3. பெற்றோர் கூட்டத்தில் “வீட்டில் பிள்ளையிடம் பேசுவதே இல்லையா?” என்று கேட்காதிருப்போம். “பிள்ளை எதை விரும்பிச் சொல்கிறான்?” என்று கேட்போம். அந்தத் தாய் நமக்குத் துணையாவார்.