பட்டியலில் விடுபட்ட எண்

காட்டூரில் எட்டாம் வகுப்புக்குக் காரணிகளை மீன் பங்கிலிருந்தே தொடங்கினேன். 12 மீனை 2, 3, 4, 6 பேருக்குச் சமமாகப் பிரிக்கலாம். 11 மீனை இப்படிப் பிரிக்க முடியாது. 12-க்கு 6 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை. இத்தகைய எண்களை மிகு பகு எண்கள் எனலாம். இராமானுஜன் 1915-இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் இவற்றை 6746328388800 வரை பட்டியலிட்டார்.

24-இன் காரணிகளைக் கரும்பலகையில் எழுதிய மாணவி 8-ஐ விட்டுவிட்டாள். வகுப்பு சிரித்தது. இராமானுஜன் பட்டியலிலும் ஓர் எண் விடுபட்டது என்றேன். சிரிப்பு நின்றது.

விடுபட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? 24 = 2³ × 3¹. ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் 4 × 2 = 8 காரணிகள். "நான் ஏழுதான் எழுதியிருக்கேன் சார்" என்றாள். 8-ஐ அவளே சேர்த்தாள்.

இராமானுஜன் விட்ட எண் 293318625600. அது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. வேடிக்கை என்னவென்றால், 5040-உம் மிகு பகு எண்தான். அதற்கு 60 காரணிகள்.

பகாக் காரணிகளைப் பெருக்கிச் சரிபார்க்க ஒரு பாடவேளை முழுதும் ஆனது. கடைசி 19-ஐ அவள் பெருக்கினாள்.