புழு வயிற்றில், வருத்தம் இதயத்தில்

"மலையேறினால் நெஞ்சு படபடக்குது சாமி, மூச்சு வாங்குது. இருதய வருத்தம் வந்திட்டுது போல." ஹட்டன் பகுதிக் குழுக் கூட்டங்களில் தாய்மார் இப்படிச் சொல்ல நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர்கள் சொல்வது பொய்யல்ல. இதயம் வருந்தத்தான் செய்கிறது. ஆனால் அதன் வேர் சிலவேளை குடலில் இருக்கிறது.

ஒட்டுண்ணிகள் நேரே இதயத்தைத் தாக்குவது அரிது. தென்னமெரிக்காவில் அப்படியொரு நோய் உண்டு. மண்சுவர் வெடிப்பில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் பூச்சி அதைப் பரப்புகிறது. கிருமி பல ஆண்டுகள் இதயத் தசையில் தங்கி அதைக் கெடுக்கிறது. பிரேசில் வைத்தியர் கார்லோஸ் சாகாஸ் 1909இல் இதைக் கண்டறிந்தார். இலங்கையில் அந்நோய் பரவுவதில்லை. நாம் கவனிக்க வேண்டியது கொழுக்கிப்புழுவை.

வெளியில் கழித்த மலத்திலுள்ள முட்டைகள் ஈரமண்ணில் பொரிக்கின்றன. சில நாட்களில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்கள் வெறுங்காலைத் துளைத்து உட்புகுகின்றன. விரலிடுக்கில் அரிப்பு எடுக்கும். சேற்றுக்கடி என்று விட்டுவிடுவோம். புழு இரத்தத்தோடு இதயத்தின் வழியே சுவாசப்பைக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. இதயம் அதற்கு வெறும் வழிப்பாதை. குடலில் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. எமது நாட்டில் அதிகமுள்ள வகை நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 0.03 மில்லிலீற்றர்தான். ஆனால் 200 புழுக்கள் இருந்தால் தினமும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் இரத்தம் போய்விடும். மாதவிடாயும் பிள்ளைப்பேறும் உள்ள பெண் அதை எப்படி ஈடுசெய்வாள்?

இரத்தம் வெளிறினால் உடலுக்குப் போதிய ஒட்சிசன் கிடைக்காது. குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. சோகை கடுமையாகி நெடுநாள் நீடித்தால் இதயம் பெருத்து, கால் வீங்கி, படுத்தாலும் மூச்சுத் திணறும். பேராசிரியர் பிரையன் செனவிரத்னவும் அமெரிக்க ஆய்வாளர்களும் எமது தேயிலைத் தோட்டப் பெண்களிடம் நடத்திய ஆய்வுகள் 1977இலும் 1979இலும் வெளிவந்தன. இரத்தம் குறைந்தவர்களின் இதயம் ஒரே வேலைக்குக் கூடுதலாக அடித்தது. இரும்புச்சத்து கொடுத்து இரத்தம் ஊறியபின் அவர்கள் பறித்த கொழுந்தின் நிறையும் கூடியது. சோம்பேறி என்று ஏச்சு வாங்கியவர்களில் எத்தனை பேர் நோயாளிகளோ!

இது புதிய செய்தியுமல்ல. 1916இல் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் பல லயங்களில் மலசலகூடம் இல்லை. சுகமானவர்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்து மறுபடி புழுவை வாங்கிக்கொண்டார்கள்.

ஹட்டனின் குளிர் புழுவின் வளர்ச்சியைத் தடுக்கும். வெப்பமான கீழ்ப்பகுதித் தோட்டங்களில்தான் அது அதிகம். ஆனால் இடம்பெயர்ந்து தற்காலிகக் கொட்டில்களில், பல குடும்பங்களுக்கு ஒரு குழியென வாழும் இடம் எதுவானாலும் கவனம் தேவை.

களைப்பும் படபடப்பும் இருந்தால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஹீமோகுளோபின் 12க்கும், கர்ப்பிணிக்கு 11க்கும் குறைந்தால் சோகை. சோகைக்கு வேறு காரணங்களும் உண்டு. வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். நெஞ்சுவலி வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புழு மருந்தைக் கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் கழிந்தபின், மருத்துவமாது தரும்போது எடுக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுக்கும்; அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். சோற்றுக்குப் பின் உடனே குடிக்கும் சாயத்தண்ணீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணிநேரம் பொறுங்கள். நாம் பறிக்கும் கொழுந்தே நமக்கு இந்தக் கெடுதலையும் செய்கிறது!

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குழுவும் தன் கொட்டில்களை ஒருமுறை சுற்றிவந்து, எத்தனை குடும்பத்துக்கு ஒரு மலசலகூடம், பிள்ளைகள் இரவில் எங்கே போகிறார்கள், எத்தனை பேர் காலில் செருப்பு இருக்கிறது என்று எழுதி வாருங்கள். அந்தக் கணக்கோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்திப்போம்.