முடிபும் விகற்பமும்: ஸ்டீபன் கிங் புதினங்களின் திரையாக்கங்கள் குறித்த வழிநூல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் திகில் கதைகள் பல திரைப்படங்களாக வெளிவந்துள்ளன. இத்திரையாக்கங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் மூலக்கதையின் நிகழ்ச்சிகள் மாறாமல் இடம்பெற்றுள்ளனவா என்பதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். ஆனால், நிகழ்ச்சிகள் மாறிய சில படங்களைக் கிங் பாராட்டியுள்ளார். வேறொன்றைக் கடுமையாக மறுத்துள்ளார். இம்முரண்பாட்டை நிகழ்ச்சி அளவுகோலால் விளக்க இயலவில்லை. வழிநூல், புடைநூல் குறித்துத் தமிழ் இலக்கண மரபு கூறும் கருத்துகளைத் துணைக்கொண்டு, ‘கேரி’, ‘தி ஷைனிங்’, ‘தி மிஸ்ட்’, ‘டாக்டர் ஸ்லீப்’ ஆகிய நான்கு திரையாக்கங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வழிநூல், புடைநூல், முடிபு, விகற்பம், திரையாக்கம், அச்சம், ஸ்டீபன் கிங்.

முன்னுரை

1947-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்த ஸ்டீபன் கிங்கின் முதல் புதினம் ‘கேரி’ 1974-இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் அது திரைப்படமாயிற்று. அன்று தொடங்கிய திரையாக்க வரிசை இன்றளவும் தொடர்கிறது. வாழும் எழுத்தாளர் ஒருவரின் கதைகளைப் பல்வேறு இயக்குநர்கள் படமாக்கியிருப்பதும், அப்படங்களைக் குறித்து அவ்வெழுத்தாளரே வெளிப்படையாகக் கருத்துரைத்திருப்பதும் ஒப்பீட்டு ஆய்வுக்கு வாய்ப்பான களமாக அமைகின்றன.

‘மூலத்திற்கு உண்மையாயிருத்தல்’ என்பது திரையாக்க ஆய்வில் நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டுவரும் சிக்கல். எதற்கு உண்மையாயிருத்தல் வேண்டும் என்ற வினாவிற்குத் தெளிவான விடை காணாதவரை இவ்விவாதம் முற்றுப்பெறாது. கதைமாந்தர், நிகழ்ச்சி, சூழல், உணர்வு, கருத்து என மூலத்தின் கூறுகள் பல. அவற்றுள் எது மாறலாம், எது மாறலாகாது என்பதே அடிப்படை வினா. இவ்வினாவை முதல்நூலுக்கும் அதன்வழித் தோன்றும் நூலுக்கும் உள்ள உறவாக வைத்துத் தமிழ் இலக்கணிகள் முன்னரே சிந்தித்துள்ளனர்.

வழிநூல் குறித்த இலக்கண மரபு

தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகிறது. விரிந்ததைச் சுருக்குதல், சுருங்கியதை விரித்தல், இரண்டையும் கலந்து செய்தல், பிறமொழி நூலைத் தன்மொழியில் ஆக்குதல் என்பன இவற்றின் பொருள். இப்பகுப்பு வழிநூல் ஆக்கப்படும் முறையைச் சுட்டுகிறது.

நன்னூல் வழிநூலின் தகுதியையும் வரையறுக்கிறது. முதல்நூலின் முடிபோடு முழுதும் ஒத்திருத்தலும், பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்துக் கூறுதலும் வழிநூலின் இலக்கணம் என்பது பவணந்தியார் கருத்து. முதலும் வழியுமாகிய இரண்டிற்கும் ஒருபுடை ஒத்து, வேறுபாடும் உடையதாய் வருவதைப் புடைநூல் என்கிறார். இங்கு ‘முடிபு’, ‘விகற்பம்’ என்னும் இரு சொற்களும் கருதத்தக்கன. முடிபில் ஒற்றுமை வேண்டும்; விகற்பத்தில் உரிமை உண்டு. மாறத்தக்கது எது, மாறத்தகாதது எது என்பதை இவ்வரையறை பிரித்துக் காட்டுகிறது.

இவ்விலக்கணம் நூல்களுக்காக வகுக்கப்பட்டது. புனைகதைக்கும் திரைப்படத்திற்கும் நேரடியாக உரியதன்று. எனினும், ஒரு படைப்பிலிருந்து மற்றொரு படைப்பு தோன்றும் உறவை விளக்குதற்கு இதனை விரித்துப் பொருத்த இடமுண்டு. அவ்வாறு பொருத்துங்கால், ‘முடிபு’ என்பது கதையின் இறுதி நிகழ்ச்சியைக் குறிப்பதன்று. கதை தன் நிகழ்ச்சிகளின் வாயிலாக நிறுவும் கருத்தைக் குறிப்பதாகும். இவ்வேறுபாடே இனிவரும் ஆய்வுக்கு அடிப்படை.

தொகுத்தல்: ‘கேரி’

‘கேரி’ புதினம் நேர்கோட்டில் செல்லும் கதையன்று. செய்தித்தாள் பகுதிகள், விசாரணைக் குழுவின் பதிவுகள், நூற்பகுதிகள், கடிதங்கள் எனப் பலவகை ஆவணங்கள் கதையோட்டத்தின் இடையிடையே அமைந்துள்ளன. பேரழிவு நிகழப்போகிறது என்பதைப் படிப்பவர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்கின்றனர். பிரையன் டி பால்மா இயக்கிய திரைப்படம் (1976) இவ்வாவண அமைப்பை முற்றிலும் நீக்கி, பள்ளியிலும் வீட்டிலும் துன்புறுத்தப்படும் ஒரு மாணவியின் கதையாக அதனைச் சுருக்கியது. இது தொகுத்தல்.

இறுதிப் பகுதியிலும் மாற்றங்கள் உள்ளன. புதினத்தில் கேரி தன் மன ஆற்றலால் தாயின் இதயத்துடிப்பை நிறுத்துகிறாள்; படத்தில் சமையலறைக் கத்திகள் பறந்து சென்று தாயின் உடலில் பாய்கின்றன. அகத்தே நிகழும் செயல் கண்ணுக்குப் புலனாகும் செயலாக மாற்றப்பட்டுள்ளது. புதினம், அதே ஆற்றலோடு வளரும் வேறொரு சிறுமியைப் பற்றிய கடிதத்தோடு முடிகிறது. படமோ, உயிர்பிழைத்த தோழியின் கனவில் கல்லறையிலிருந்து ஒரு கை எழுந்து பற்றும் காட்சியோடு முடிகிறது. நிகழ்ச்சிகள் வேறு, எனினும் இக்கொடுமை இத்துடன் தீர்ந்துவிடவில்லை என்பதையே இரண்டும் உணர்த்துகின்றன. முடிபு ஒத்து, விகற்பம் பெற்றதால் இதனை வழிநூல் எனலாம். கிங் பாராட்டியுள்ள திரையாக்கங்களுள் இதுவும் ஒன்று.

முடிபு திரிதல்: ‘தி ஷைனிங்’

1977-இல் வெளிவந்த ‘தி ஷைனிங்’ புதினத்தின் தலைமை மாந்தன் ஜாக் டாரன்ஸ். வேலையிழந்த ஆசிரியனாகிய இவன் குடிப்பழக்கத்தை விட்டவன். குடிபோதையில் மகன் டேனியின் கையை முறித்த குற்றவுணர்வைச் சுமப்பவன். கொலராடோ மலைப்பகுதியில் குளிர்காலம் முழுதும் மூடிக்கிடக்கும் ஓவர்லுக் விடுதியின் காவலனாக மனைவி, மகனுடன் அவன் தங்குகிறான். விடுதியில் உறையும் தீய ஆற்றல் அவனை மெல்ல மெல்ல வயப்படுத்துகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இப்புதினத்தில் அணங்குக்கு நிகரான பேயுருக்கள் பல உள. செடிகளை வெட்டி உருவாக்கிய விலங்குருக்களும் அசைகின்றன. ஆயினும், சிறுவன் டேனியின் அச்சத்திற்கு மூலமாய் அமைவது இவையல்ல. ‘இறை’ என்பதை அதிகாரமுடைய மேலோர் என விரித்துப் பொருள்கொண்டால், தந்தையே இங்கு அச்சத்தின் நிலைக்களன். காக்க வேண்டியவனே தாக்க வருபவனாக மாறுவதுதான் இக்கதையின் கொடுமை.

புதினத்தின் இறுதியில், மகனைக் கொல்ல நெருங்கிய ஜாக் ஒரு கணம் தன்னை மீட்டுக்கொண்டு அவனை ஓடித் தப்பச் சொல்கிறான். அழுத்தம் தணிக்கப்படாத கொதிகலன் வெடித்து விடுதி எரிந்தழிகிறது. நாள்தோறும் அழுத்தத்தைத் தணித்துவர வேண்டிய அக்கொதிகலன், சினத்தை அடக்கி வாழ முயலும் ஜாக்கின் உள்ளத்திற்கு ஒப்புமையாகப் புதினம் முழுதும் தொடர்ந்து வருகிறது. அன்பு தீமையை முற்றிலும் வெல்லாவிடினும் ஒரு கணமேனும் அதை மீறி எழும் என்பதே புதினத்தின் முடிபு.

ஸ்டான்லி குப்ரிக், டயான் ஜான்சனுடன் இணைந்து திரைக்கதை எழுதி இயக்கிய திரைப்படம் 1980-இல் வெளியானது. இதில் விலங்குருச் செடிகளின் இடத்தைச் செடிவேலிச் சுழல்வழி பெற்றது. மரச் சம்மட்டி கோடரியாயிற்று. புதினத்தில் உயிர்பிழைக்கும் சமையற்காரர் ஹாலரன் படத்தில் கொல்லப்படுகிறார். இவையனைத்தும் விகற்பங்களே. ஆனால், தந்தை தன்னை மீட்டுக்கொள்ளும் அந்த ஒரு கணம் படத்தில் இல்லை. ஜாக் சுழல்வழியில் சிக்கிப் பனியில் உறைந்து இறக்கிறான். விடுதி அழியாமல் நிற்கிறது. 1921-ஆம் ஆண்டுக் குழுப்படம் ஒன்றில் அவன் முகம் காணப்படுகிறது. மனிதன் அவ்விடத்திற்கு என்றுமே உரியவனாயிருந்தான், அவனுக்கு மீட்சியில்லை என்பது படத்தின் முடிபு. புதினம் நெருப்பில் முடிய, படம் பனியில் முடிகிறது.

ஜாக் தொடக்கத்திலேயே மனம் பிறழ்ந்தவனாகத் தோன்றுகிறான் என்பதும், அவன் மனைவி வெண்டி வலுவற்றவளாகக் காட்டப்பட்டுள்ளாள் என்பதும் கிங் இப்படத்தின்மீது முன்வைத்த முதன்மையான மறுப்புகள். வீழ்வதற்கு முன் ஒருவன் நல்லவனாய் நின்றிருந்தால்தான் அவன் வீழ்ச்சிக்கும் மீட்சிக்கும் பொருளுண்டு. ஆகவே, இம்மறுப்பு நிகழ்ச்சி மாற்றம் பற்றியதன்று. முடிபு திரிந்ததைப் பற்றியதே எனல் பொருந்தும். கிங் தாமே திரைக்கதை எழுதி, மிக் காரிஸ் இயக்கத்தில் 1997-இல் வெளிவந்த மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடரில் கொதிகலன் வெடிப்பும் தந்தையின் மீட்சியும் மீண்டும் இடம்பெற்றமை இதனை உறுதிப்படுத்துகிறது.

இதனால் குப்ரிக்கின் படைப்பு குறையுடையதாகிவிடாது. திகில் திரைப்பட வரலாற்றில் அதற்குரிய உயர்ந்த இடம் யாவரும் அறிந்ததே. மூலத்தோடு பெரிதும் ஒத்த தொலைக்காட்சித் தொடர் அவ்விடத்தைப் பெறவில்லை. முடிபு ஒத்தல் வழிநூலாதற்குரிய தகுதி. சிறந்த கலைப்படைப்பாதற்குரிய தகுதியன்று. குப்ரிக்கின் படத்தைக் கிங் வழிநூலாக வைத்து அளந்தார். திறனாய்வாளர் தனிப்படைப்பாக வைத்து அளந்தனர். அளவுகோல் இரண்டாதலின் முடிவும் இரண்டாயிற்று.

விரித்தல்: ‘தி மிஸ்ட்’

‘தி மிஸ்ட்’ 1980-இல் வெளிவந்த குறுநாவல். ஓர் ஊரைச் சூழும் மூடுபனியில் கொடிய உயிர்கள் உலவுகின்றன. பல்பொருள் அங்காடியில் அடைபட்ட மக்கள் அச்சத்தால் பிளவுபடுகின்றனர். இது இறைத்தண்டனை என்றும், பலி வேண்டும் என்றும் கூறும் கார்மடி என்னும் பெண்ணின் பின் ஒரு கூட்டம் திரள்கிறது. டேவிட் என்பவன் தன் சிறு மகனோடும் வேறு சிலரோடும் தப்பிச் செல்கிறான். வானொலியில் கேட்டதாகத் தோன்றிய ஓர் ஊர்ப்பெயரைப் பற்றுக்கோடாகக் கொண்டு அவர்கள் பயணத்தைத் தொடர்வதோடு குறுநாவல் முடிகிறது.

ஃபிராங்க் டாரபான்ட் இயக்கிய திரைப்படம் (2007) அம்முடிவுக்கு அப்பாலும் கதையை விரிக்கிறது. வண்டியின் எரிபொருள் தீர்கிறது; ஐவர் இருக்க, நான்கு தோட்டாக்களே உள்ளன. டேவிட் தன் மகனையும் மற்ற மூவரையும் சுட்டுக்கொல்கிறான். சற்றுநேரத்தில் மூடுபனி விலகி, மீட்புப் படையினர் வருகின்றனர். தன் குழந்தைகளைத் தேடித் தொடக்கத்திலேயே துணிந்து வெளியேறிய பெண் அவர்களோடு படைவண்டியில் உயிருடன் செல்வதை அவன் காண்கிறான்.

குறுநாவலின் இறுதிக்கு நேர்மாறானதாகத் தோன்றும் இம்முடிவைக் கிங் வெளிப்படையாகப் பாராட்டினார். ‘தி ஷைனிங்’ படத்தை மறுத்தவர் இதனை ஏற்றது ஏன்? இதற்குரிய விடை குறுநாவலிலேயே உள்ளது. எஞ்சிய தோட்டாக்கள் உடனிருப்போரின் எண்ணிக்கைக்குக் குறைவு என்பதை டேவிட் குறுநாவலிலும் எண்ணிப் பார்க்கிறான். ஆகவே, திரைப்படம் புறத்திலிருந்து ஒன்றைக் கொணரவில்லை. மூலத்தில் வித்தாய்க் கிடந்ததையே விரித்தது. மேலும், நம்பிக்கையைக் கைவிடலாகாது என்னும் கருத்தைக் குறுநாவல் உடன்பாட்டு முகத்தால் கூற, திரைப்படம் எதிர்மறை முகத்தால் கூறுகிறது. வருவது இன்னதென்று உறுதியாக அறிந்ததாகக் கருதும் கார்மடி பிறரைப் பலியிட முனைகிறாள். வருவது அழிவே என்று உறுதிகொண்ட டேவிட் தன் மகனையே கொல்கிறான். நிகழ்ச்சி தலைகீழாயினும் முடிபு திரியவில்லை.

இருவர் நூல்: ‘டாக்டர் ஸ்லீப்’

‘தி ஷைனிங்’ கதையின் தொடர்ச்சியாக ‘டாக்டர் ஸ்லீப்’ புதினத்தைக் கிங் 2013-இல் வெளியிட்டார். இதில் டேனி நடுவயதினன். தந்தையைப் போலவே குடிக்கு அடிமையாகி மீண்டவன். முதற்புதினத்தில் விடுதி எரிந்துவிட்டமையால், இப்புதினத்தில் அது நின்றிருந்த இடம் மட்டுமே உள்ளது.

இதனைப் படமாக்கிய மைக் ஃபிளனகன் (2019) ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொண்டார். கிங்கின் கதையில் விடுதி இல்லை. குப்ரிக்கின் படத்தில் விடுதி அழியவில்லை. மக்கள் மனத்தில் பதிந்திருந்ததோ குப்ரிக்கின் விடுதி. ஃபிளனகன் இரண்டையும் தழுவினார். இவ்வகையில், முதல்நூல், வழிநூல் ஆகிய இரண்டோடும் உறவுடையதாய் வரும் புடைநூலின் இயல்பு இப்படத்திற்குப் பொருந்துகிறது.

படத்தின் இறுதியில், அழியாது நிற்கும் விடுதிக்குள் நடுவயது டேனி நுழைகிறான். பேயாற்றல் அவனை வயப்படுத்த, தான் காக்க வந்த சிறுமி ஆப்ராவையே கோடரியுடன் துரத்துகிறான். பின் ஒரு கணம் தன்னை மீட்டுக்கொண்டு அவளைத் தப்பவிடுகிறான். கொதிகலன் மூட்டிய தீயில் விடுதியோடு மாய்கிறான். ‘டாக்டர் ஸ்லீப்’ புதினத்தில் டேனி இறப்பதில்லை. எனவே இது அப்புதினத்திலிருந்து விலகிய நிகழ்ச்சி. ஆனால், 1977-ஆம் ஆண்டுப் புதினத்தில் தந்தைக்கு வாய்த்து, 1980-ஆம் ஆண்டுப் படத்தில் மறுக்கப்பட்ட மீட்சி, 2019-இல் மகன்வழித் திரையில் நிறைவேறுகிறது. குப்ரிக்கின் படத்தில் தமக்கிருந்த மனக்குறையை இப்படம் தீர்த்துவிட்டதாகக் கிங் கூறியுள்ளார். முதல்நூலின் முடிபு, விலகிச் சென்ற படைப்பின் களத்திலேயே மீட்கப்பட்டமை இங்குக் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன.

திரையாக்கத்தில் நிகழ்ச்சி மாற்றம் இயல்பானது. உள்ளத்து நிகழ்வுகளைக் காட்சியாக்க வேண்டிய தேவையால் அது பெரும்பாலும் தவிர்க்க இயலாததுமாகும். ‘கேரி’ இதற்குச் சான்று.

இறுதி நிகழ்ச்சியும் முடிபும் ஒன்றல்ல. ‘தி மிஸ்ட்’ படத்தில் இறுதி நிகழ்ச்சி மாறியும் முடிபு நிலைத்தது. ‘தி ஷைனிங்’ படத்தில் தந்தை இறத்தலும் மகன் தப்புதலும் மாறாதிருந்தும் முடிபு திரிந்தது.

மூல ஆசிரியரின் ஏற்பும் மறுப்பும் தற்பெருமையாலோ மனம்போன போக்காலோ எழுந்தவை என ஒதுக்கத்தக்கன அல்ல. முடிபு என்னும் அளவுகோலைக் கொண்டு நோக்கின் அவற்றுள் ஒரு சீர்மை காணப்படுகிறது.

முடிபு திரிந்த படைப்பு தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. அதனை வழிநூலாக வைத்து மதிப்பிடுதல் பொருந்தாது என்பதே பொருள். எவ்வகைப் படைப்பு என்பதைத் தெளிந்த பின்னரே அதன் தகுதியை அளத்தல் வேண்டும். திரையாக்க விவாதங்களில் பெரிதும் விடுபட்டுப்போகும் இம்முதற்படியை நிரப்புதற்கு நன்னூலின் வழிநூல், புடைநூல் பாகுபாடு துணைநிற்கிறது. பிற எழுத்தாளர்களின் திரையாக்கங்களுக்கும் இவ்வளவுகோலைப் பொருத்தி ஆராய்தற்கு இடமுண்டு.