கடற்கரையும் கணினியும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு தலைமுறைக் காலம் கருங்கற்களே கரையாக இருந்தன. ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் 1989-இல் எழுந்தன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று அதில் ஒரு பகுதியைத் தெற்கே திருப்புகிறது. ஆண்டுக் கணக்கில் மிஞ்சுவது வடக்கு நோக்கிய ஓட்டமே. சுவர்கள் அதை மறித்ததும் நகரத்தின் கரை கரைந்தது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் (என்.ஐ.ஓ.டி.) இதற்குத் தீர்வாக, தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகுக் கட்டுமானம் ஒன்றை அமைத்தது. அதன் பிறகு மணல் சேர்ந்து மக்கள் காலாற நடக்கும் கரை திரும்பியது. அலையையும் மணலையும் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் இல்லாமல் இத்தகைய வடிவமைப்பு இன்று நடப்பதில்லை. அந்தக் கருவியைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் பல நிலவுகின்றன.

நம்பிக்கை: அன்று நல்ல கணினி இல்லாததால்தான் துறைமுகத்தால் வரும் அரிப்பை யாராலும் முன்கூட்டி அறிய முடியவில்லை.

அறிய முடிந்தது. 1870-களில் தொடங்கிய சென்னைத் துறைமுகப் பணி கண்முன் பாடம் நடத்தியிருந்தது: தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. 1956-இல் பெல்னார் கோன்சிதேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கரையை ஒரே கோடாக வைத்து, அது நகரும் விதத்தை ஒரு சமன்பாட்டில் அடக்கினார். இரும்புக் கம்பியில் வெப்பம் பரவுவதைச் சொல்லும் அதே சமன்பாடு அது. சுவரின் ஒரு பக்கம் மணல் மேடிடும், மறுபக்கம் கரை பின்வாங்கும் என்பதைத் தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிட அது போதும். எவ்வளவு, எங்கே, எந்த வடிவத்தில் கல்லை வைத்தால் என்ன ஆகும் என்ற நுணுக்கமான கேள்விகளுக்கே சிமுலேஷன் தேவைப்படுகிறது.

நம்பிக்கை: விவரங்களைக் கொடுத்துவிட்டால் சரியான விடையைக் கணினியே சொல்லிவிடும்.

கணினிக்குக் கடல் தெரியாது. மனிதர் எழுதிக் கொடுத்த சமன்பாடுகள்தான் தெரியும். கடல் பரப்பு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆழம், அலையின் உயரம், அது வரும் திசை, மணலின் பருமன் ஆகியவை தரப்படுகின்றன. ஆழம் குறையக் குறைய அலை வேகம் இழந்து வளைகிறது. நீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை அலையின் உயரம் எட்டும்போது உடைகிறது. சாய்வாக வந்து உடையும் அலை கரையோரமாக ஒரு நீரோட்டத்தை உண்டாக்குகிறது. மணலை இழுத்துச் செல்வது அதுதான். இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரத்தின்படி, நகரும் மணலின் அளவு உடையும் அலையின் உயரத்தை 2.5 அடுக்குக்கு உயர்த்தியதற்கு ஏற்ப மாறும். அலையின் உயரத்தை 10 சதவீதம் கூட்டி அளந்துவிட்டால் மணல் கணக்கு சுமார் 27 சதவீதம் கூடிவிடும். அலை கரையை நோக்கி வரும் 5 பாகை சாய்வை 6 பாகை என்று எடுத்தால் மேலும் 20 சதவீதம். கடலில் மிதவை போட்டு ஆண்டுக்கணக்கில் அலையை அளப்பவரின் உழைப்பு கணினி அறையில் நடப்பதைவிட எந்த விதத்திலும் சிறியதல்ல.

நம்பிக்கை: கட்டங்கள் சிறிதாகச் சிறிதாகக் கணக்கு உண்மையை நெருங்கும்.

ஓரளவுக்கு உண்மை. ஒரு பரப்பில் கட்டத்தின் நீளத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் 4 மடங்காகும். நேரத்தையும் பாதிப் பாதியாக நறுக்க வேண்டியிருப்பதால் வேலை பொதுவாக 8 மடங்காகும். ஆனால் கடலடி ஆழத்தை 50 மீட்டருக்கு ஓர் இடத்தில் மட்டும் அளந்துவிட்டு 2 மீட்டர் கட்டத்தில் ஓட்டினால், இடைப்பட்ட ஆழங்கள் எல்லாம் ஊகமே. ஒரு புயல் ஓரிரு நாளில் கடலடி மணல்மேட்டை இடம் மாற்றிவிட்டால் அந்த ஊகமும் பழையதாகிவிடும்.

நம்பிக்கை: சிமுலேஷன் வந்தபின் சோதனைக்கூடம் தேவையில்லை.

தேவை. வேறு துறைகளிலும் இதுதான் நிலை: ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தில் கார்கள் இன்றும் தடுப்பில் மோதவிடப்படுகின்றன. கணினி செய்வது, மோதிப் பார்க்க வேண்டிய வடிவங்களைக் குறைப்பது. கடல் ஆய்விலோ, கரையின் சிறிய மாதிரியில் அலை எழுப்பிப் பார்க்கும் சோதனைத் தொட்டிக்கும் ஒரு குறை உண்டு. 50-இல் ஒரு பங்காகக் கரையைச் சுருக்கலாம், மணலைச் சுருக்க முடியாது. 0.3 மில்லிமீட்டர் மணலை அப்படிச் சுருக்கினால் 0.006 மில்லிமீட்டர் வண்டலாகிவிடும். அது மணலைப் போல் படியாமல் கலங்கி மிதக்கும். தொட்டி, கணினி, கடலில் எடுத்த அளவீடு ஆகிய மூன்றும் ஒன்றை ஒன்று திருத்த வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: கரை திரும்பிவிட்டதால் கணக்கு சரி என்று நிரூபணமாகிவிட்டது.

புதுச்சேரியில் கட்டுமானம் மட்டும் வேலை செய்யவில்லை. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. இரண்டில் எது எவ்வளவு பங்களித்தது என்பதைத் தொடர்ந்து கரையை அளந்தால்தான் பிரிக்க முடியும். தூர்வாருவது நின்றால், அது நடக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கும் செல்லாது.

இதைவிடப் பெரிய சிக்கல் எல்லைக்கோடு. சிமுலேஷனுக்கு எங்காவது ஓர் ஓரம் இருந்தே ஆக வேண்டும். அந்த ஓரத்துக்கு அப்பால் நடப்பது விடையில் வராது. நகரத்துக்கு வடக்கே சற்றுத் தூரத்தில் புதுச்சேரி ஆட்சிப்பரப்பு முடிந்து, தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் தொடங்குகிறது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் ஆகிய மீனவர் ஊர்கள் அங்கேதான் உள்ளன. அரிப்பில் வீடுகளையும் படகு நிறுத்தும் இடத்தையும் இழந்தவை. அரிப்பைத் தடுக்க ஓர் ஊரில் கடலுக்குள் நீளும் கல் சுவரான தூண்டில் வளைவு போட்டால், அடுத்த ஊருக்குப் போகும் மணல் அங்கே தங்கிவிடுகிறது. மணல் இரு அரசுகளின் எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. ஆகவே கட்டங்களின் வலை முகத்துவாரத்துக்குத் தெற்கிலிருந்து இந்த ஊர்களையும் தாண்டி விரிய வேண்டும். கட்டுமானம் எதுவும் இல்லாத கரை, கட்டுமானத்தோடு கூடிய கரை, தூர்வாரல் நின்ற கரை என்று மூன்று நிலைகளிலும் ஓட்டிப் பார்த்து, கோட்டக்குப்பத்தின் கரைக்கோடு எத்தனை மீட்டர் நகரும் என்பதையும் அறிக்கையில் காட்ட வேண்டும்.